தலைமன்னார் பாலத்தில் காய்ந்த பல்லாரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஆறு. அண்ணன் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. கடைக்குட்டி சேவியர் தோணித் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். அவன் சொன்னால்தான் நங்கூரம் ஏறும், இறங்கும். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷம் தண்டலாக இருந்து செத்தவர். ஆகவே நான் தண்டல் பெண்டாட்டி, தண்டல் அம்மா. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தது. ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். தூத்துக்குடியில் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருத்தியாவது எழுதி வைக்க வேண்டும்.

என் தங்கை கொழும்பில் வாக்கப்பட்டவள். சண்டை வந்த பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. இப்போது சண்டையை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதும், சேவியர் தோணியில் நானும் வருகிறேன் என்று நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை தோணியில் கால் வைக்க மாட்டாள். வைத்தால் தோணிக்கு ஆகாது என்பார்கள். முப்பது வருஷம் என் வீட்டுக்காரரும் அதைச் சொல்லித்தான் என்னைக் கரையிலேயே நிறுத்தினார். மகன் மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டான். எந்த ஆபீசில் என்ன எழுதி என்னை ஏற்றினான் என்பது அவன் பாடு. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சேவியருக்கு அதுதான் தண்டலாக முதல் ஓட்டம். சரக்கு பல்லாரி வெங்காயம். முதலாளி ஏற்றும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, இந்தச் சரக்கை அழுகாமக் கொண்டு சேர்த்தா நீ தண்டல். அழுகிப் போச்சுன்னா மறுபடி கயிறு இழுக்கப் போ." எல்லாருக்கும் முன்னால் சொன்னார். என் பிள்ளை தலையை ஆட்டினான். 

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் இஞ்சினுக்குள் இரும்பை அரைப்பது போல ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. இஞ்சின் பார்க்கும் மிக்கேல் உள்ளே இறங்கி, கருப்பு எண்ணெய் வடிய ஒரு பல்சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கியர் பெட்டிக்குள் இருப்பது. மூன்று பல் உடைந்திருந்தது. அறுபது வயது மனுஷன். சக்கரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்லா," என்றார்.

"சக்கரத்துல என் பேரா எழுதியிருக்கு?" என்றேன்.

பாய்மரத்தில் பாயை ஏற்றினார்கள். பழைய பாய், நடுவில் கிழிந்தது. கச்சான் காற்று எங்களை வடகிழக்கே தள்ளிக்கொண்டு போனது. மறுநாள் இலங்கை நேவிப் படகு ஒன்று வந்து, கயிறு கட்டி இழுத்துப்போய்த் தலைமன்னாரில் விட்டது. அங்கே கடலுக்குள் நீட்டிய பழைய கப்பல் பாலம் ஒன்று இருக்கிறது. பியர் என்கிறார்கள். முன்னே ராமேஸ்வரத்துக் கப்பல் வந்து நின்ற இடமாம். சண்டை வந்த பிறகு கப்பல் இல்லை, ரயில் இல்லை. கொக்குகள் மட்டும் வரிசையாக நின்றன. எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன.

பாலம் கரையைத் தொடும் இடத்தில் ஒரு குறுக்குக் கட்டை, ஒரு காவல் கொட்டில். ஆண்கள் ஆறு பேரும் கட்டையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வயசான மனுஷி என்பதால் எனக்கு மட்டும் ஒரு சீட்டு. காலையில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போகலாம், பொழுது சாயும் முன் வந்து மறுபடி கையெழுத்து வைக்க வேண்டும். ஏழு பேர் இருந்த தோணியில் கால் உள்ளது எனக்கு மட்டும்தான் என்று ஆகிப்போனது. மிக்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் நாள் காலை, காவலில் இருந்த கண்டிப் பக்கத்து நேவிக்காரர் என்னைப் பார்த்ததும் மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் தள்ளினார். நான் அதை மூடி அவர் பக்கம் தள்ளினேன். பேனாவைக் காட்டினேன். அவர் தந்தார். நான் என் பேரை எழுதினேன். என் பேர் நீளம், நானும் அவசரப்பட மாட்டேன். அவர் தன் தோழரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

கட்டைக்கு வெளியே காசிம் நானா என்பவர் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம் மனுஷர், ஐம்பது வயசு இருக்கும். சண்டையில் ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்து, இந்த வருஷம்தான் திரும்பி வந்து தகரம் போட்டிருக்கிறார். சிங்களம் நன்றாகத் தெரியும்.

"என்ன சொல்லிச் சிரிச்சாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"இந்த ஆச்சி பேரெழுதி முடிக்கிறதுக்குள்ள என்ட டியூட்டி முடிஞ்சி லீவும் முடிஞ்சிரும் எண்டு சொல்றார். குந்துங்க ஆச்சி. பிளேன்டீ ஒண்டு ஊத்துறன்."

பிளேன்டீ என்றால் பால் இல்லாத தேநீர். சீனியைக் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிவிடுவார்கள், நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பாலில்லாத டீயைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்போம். மூன்றாம் நாள் நானும் கையை நீட்டப் பழகிவிட்டேன்.

உடைந்த சக்கரத்தை மன்னார் டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அங்கிருந்து தூத்துக்குடிக்கும் போன் போட வேண்டும். போகக் கூடியவள் நான். சக்கரத்தைத் துண்டில் சுற்றி, பையில் வைத்து, பஸ் ஏறினேன். வழி நெடுகப் பனை. பாதிப் பனைக்குத் தலை இல்லை. நடுரோட்டில் கழுதைகள் படுத்திருந்தன. டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்லை. இறங்கிப் போய்க் கழுதையின் முதுகில் தட்டி, "எழும்பும், எழும்பும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் ஊர் டிரைவர்கள் மனுஷரிடமே இப்படிப் பேச மாட்டார்கள்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆர்மிக்காரர் ஒருவர் என் பையைத் தடவினார். கனமான, உருண்டையான இரும்பு. கையை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போய்விட்டார். பஸ்ஸில் வந்த சனமும் பின்னால் போனது. நானும் பையும் மட்டும் நடுவில். திற என்று தூரத்திலிருந்து சைகை காட்டினார்கள். துண்டைப் பிரித்துச் சக்கரத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். உடைந்த பல்லைச் சுட்டினேன். பிறகு வாயைத் திறந்து என் கடைவாயில் இல்லாத பல்லையும் சுட்டினேன். ஒரு ஆர்மிக்காரர் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். என் சேலையில் பட்ட எண்ணெய் இன்னும் போகவில்லை.

மெக்கானிக் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் செய்ய இங்க ஆளில்லை அம்மா. பழசு. உங்கட ஊரில இருந்துதான் வரோணும்," என்றார். போன் போட்டேன். வேறொரு தோணி கொழும்புக்கு வரும்போது கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் அனுப்புவதாக முதலாளி சொன்னார். பத்து நாள் ஆகும். "வெங்காயம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ராசா மாதிரி இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும்போது பேசாலையில் பஸ் டயர் வெடித்தது. இறங்கிய இடத்தில் ரோட்டோரமாக வேலி அடைத்த ஒரு பெரிய வளவு. மணலில் வரிசையாகப் பனையோலைப் பாய்கள், பாய் நிறையக் கருவாடு. திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெயிலுக்க நிக்காதேங்கோ ஆச்சி. உள்ளுக்க வந்து இருங்கோ. அந்த டயர் இண்டைக்கு அசையாது."

பிலோமினா என்று பேர். கருவாடு போட்டு விற்பவள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு தோள். நான் தண்ணி கேட்ட பேச்சிலேயே பிடித்துவிட்டாள்.

"நீங்கள் இந்தியாவோ?"

"தூத்துக்குடி."

"நான் மண்டபம் முகாமில மூண்டு வருசம் இருந்தனான். என்ர கடைசிப் பிள்ளை அங்கதான் பிறந்தது. பக்கத்தில இருந்த ஒரு மனுசி எனக்குப் பிள்ளைப்பெத்து மருந்து இடிச்சுத் தந்தவ. பத்து நாளும் வந்தவ. பேரைக் கேட்டு வைக்கேல்ல." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிட்டும் மீன் சொதியும் கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் பக்கம் சொதி என்றால் காய்கறி போட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பது. மீனைப் போட்டு அதைச் செய்யலாம் என்று எழுபத்திரண்டு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் தரம் அவளாகவே ஊற்றினாள். டயர் மாற்றி முடித்தபோது எனக்கு எழுந்திருக்க மனசில்லை.

அதன் பிறகு இரண்டு நாள் சும்மா ஓடியது. தோணிப் பையன்கள் பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். சேவியர் தோணிக்கும் கட்டைக்கும் நடந்து நடந்து பலகையைத் தேய்த்தான்.

ஆறாம் நாள் காலை மிக்கேல் சரக்கறை மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புளிச்ச வாடை வந்தது. சேவியர் இறங்கி ஒரு மூட்டைக்குள் கையை விட்டான். விரலெல்லாம் ஈரம். மேலே வந்து கையைக் கழுவாமலேயே உட்கார்ந்துவிட்டான். எட்டுப் பிள்ளைகளில் அழாமல் அழுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"வெளியே எடுத்து வெயில்ல பரத்தினா தப்பும்," என்றார் மிக்கேல். "ஆனா இங்க இறக்க விட மாட்டாவ."

காவல் கொட்டிலில் சொல்லிவிட்டதில் சுங்கத்து ஐயா மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மன்னார்க்காரர், தமிழர், கண்ணாடி போட்டவர். கோபப்படாமல் பேசினார். அதுதான் இன்னும் கஷ்டம்.

"இது கொழும்புக்குப் போற சாமான் ஆச்சி. இங்க கரையில ஒரு வெங்காயம் பட்டாலும் நான்தான் பதில் சொல்லோணும்."

சேவியர் தலை குனிந்தான். நான் கேட்டேன். "சரி ஐயா. இந்தப் பாலம் கரையா?"

"பாலம் எண்டால்... பாலம்தானே."

"பலகை இடுக்கு வழியா கீழே பாருங்க. என்ன தெரியுது?"

அவர் குனிந்தே பார்த்தார். "தண்ணி."

"எங்க தோணியும் தண்ணி மேலதான் ஐயா நிக்குது. அதுல இருக்கிற வெங்காயம் கரையில பட்டதாச் சொல்ல முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் ஊரில அப்புக்காத்து வேலையோ பாத்தனீங்கள்?" அப்புக்காத்து என்றால் அங்கே வக்கீல்.

"எட்டுப் பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்துப் பண்ணினேன்."

காவல் கொட்டிலுக்குப் போய் வெகு நேரம் பேசிவிட்டு ஒரு தாளோடு வந்தார். குறுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம் கரை, இந்தப் பக்கம் கரை இல்லை. கட்டையைத் தாண்டாதவரை வெங்காயம் எங்கே கிடந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. அந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைத்தேன். கண்டிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

பையன்கள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். பல்லாரி உருண்டு உருண்டு பலகை இடுக்கு வழியாகக் கடலுக்குள் விழுந்தது. கீழே மீன்கள் கூடிவிட்டன. "ஏல, நிறுத்துங்கல!" என்று கத்தினேன். விரிக்க ஏதாவது வேண்டும். அவ்வளவு பெரிய பாலத்துக்கு விரிப்புக்கு எங்கே போவது? எனக்குப் பேசாலை மணலில் கிடந்த பாய்கள் நினைவுக்கு வந்தன. கையெழுத்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பிலோமினாவிடம் நான் முழுதும் சொல்லி முடிக்கவில்லை. "எத்தினை பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

எட்டாம் நாள் விடியவே ஒரு டிராக்டர் நிறையப் பாய்களோடும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடும் வந்துவிட்டாள். அடையாள அட்டைகளைக் காவல் கொட்டிலில் அடுக்கி வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். கருவாடு காயப் போடுகிற கை அல்லவா, ஒரு மணி நேரத்தில் பாலத்தைப் பாயால் மூடிவிட்டார்கள். அழுகியது கடலுக்கு, ஈரம் வெயிலுக்கு, நல்லது நிழலுக்கு. ரயில் வந்து நின்ற இடமெல்லாம் செக்கச்செவேலென்று பல்லாரி. கொக்குகள் இருந்த இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து நாலு நாள் அங்கே ஒரே திருவிழாதான்.

"தண்டல் தம்பி, கலியாணம் முடிச்சிட்டீரோ?" என்றாள் ஒருத்தி சேவியரைப் பார்த்து.

"ஒன்பது வயசுல பொம்பளப் பிள்ளை இருக்கு."

"அப்ப ஏன் இந்த முகம்? கலியாணம் முடியாதவன் மாதிரி!"

பிலோமினா மிக்கேலை விடவே இல்லை. "அண்ணை, அழுகினதை அழகா அடுக்கி வைக்காதேங்கோ. கடல்ல எறியுங்கோ. அதுக்குப் பூசையே வைக்கப்போறியள்?"

மிக்கேலுக்கு ரோஷம் வந்தது. "பொம்பளை ஏறின தோணி. அதான் இப்படி ஆச்சு."

அவள் திருப்பிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கட ஊரில பொம்பிளையள் ஏறாத வள்ளம் எத்தினை போய்த் திரும்பி வரேல்ல தெரியுமோ அண்ணை? ஆம்பிளையள் மட்டும்தான் இருந்தவை. என்ர மனுசனும் அதில ஒராள்."

மத்தியானம் அவள் தண்ணிக் குடத்தைத் தூக்கப் போனபோது மிக்கேல் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் ஒரு கழுதை சீட்டு இல்லாமல் கட்டைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டது. நேராகப் பாயில் வாயை வைத்து ஒரு பல்லாரியைக் கடித்தது. மேல் உதட்டைத் தூக்கி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே போனது. கண்டிக்காரர் அதற்குச் சல்யூட் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் பஸ் கண்டக்டர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து காசிம் நானா கடையில் வைத்தார். சக்கரம்! மிக்கேல் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு இஞ்சினுக்குள் இறங்கினார். நாங்கள் வெங்காயத்தை மூட்டை கட்டத் தொடங்கினோம். தட்டினால் சலசலவென்று தோல் பேசியது. அப்படிக் காய்ந்திருந்தது. சேவியர் அன்றைக்குத்தான் சிரித்தான்.

அப்போது கண்டிக்காரர் பாலத்துக்குள் வந்தார். அத்தனை நாளும் கொட்டிலைவிட்டு வராதவர், போகப்போகிறார்களே என்று தானும் ஒரு கை கொடுக்க வந்தார். நாலு வெங்காயம் எடுத்து மூட்டையில் போட்டார். கையை முகர்ந்தார். வெங்காயத்தை முகர்ந்தார். மூக்கைச் சுருக்கி, பெட்டியோடு கூட வந்திருந்த காசிம் நானாவிடம் ஏதோ சொன்னார். நானா எங்களைப் பார்த்துத் தயங்கினார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"வெங்காயம் முழுக்கக் கருவாடு மணக்குதாம்."

சேவியர் ஒரு வெங்காயத்தை எடுத்து மோந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா."

எனக்கும் தெரியவில்லை. பிலோமினா மோந்தாள். "வெங்காய மணம்தானே?" பெண்கள் எல்லாரும் மோந்தார்கள். மிக்கேல் இஞ்சினுக்குள்ளிருந்து தலையை நீட்டி மோந்தார். காசிம் நானாவும் மோந்து பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, எனக்கும் விளங்கல்லியே," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாலத்தில் இருந்த அத்தனை பேரும் கருவாட்டுக்குள் பிறந்து கருவாட்டுக்குள் வளர்ந்தவர்கள். பாயை விரித்த நாளில் ஒரு மூக்காவது முனகவில்லை. மலை நாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு மூக்குதான் எங்களிடம் இருந்தது. அது கொட்டிலில் இருந்தது.

காசிம் நானா கடையிலிருந்து கதிரை கொண்டுவந்து கண்டிக்காரரை அதில் உட்கார வைத்தோம். ஒவ்வொரு பாயிலிருந்தும் ஒரு வெங்காயம் அவர் மூக்கருகே போனது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இருக்கிறது. இதிலும் இருக்கிறது. இதில் இன்னும் அதிகம். மேல்தோலை உரித்துக் கொடுத்தேன். யோசித்தார். கொஞ்சம் குறைவு என்று விரலால் காட்டினார். அத்தனையையும் உரித்தால் வெங்காயம் கொழும்பு போய்ச் சேராது.

"என்ர பாயாலதான் வந்தது," என்றாள் பிலோமினா. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. "உங்கட பிள்ளையின்ர வேலை போகப்போகுதே ஆச்சி."

"உன் பாய் இல்லாட்டா வெங்காயமே இல்லை. நீ சும்மா இரி," என்றேன். சொன்னேனே தவிர, கணக்கு எனக்குத் தெரியும். என் பிள்ளையின் தண்டல் வேலை போனால், பாயை விரிக்கச் சொன்னவள் நான். மிக்கேல் சொன்னது உண்மையாகிவிடும்.

ஒரு நாள் முழுக்க மூட்டைகளைக் காற்றுக்குத் திறந்து வைத்தோம். காலையில் கண்டிக்காரர் மோந்து பார்த்துப் பழையபடி தலையை ஆட்டினார். அதற்கு மேல் நிற்க முடியாது, போக வேண்டியதுதான் என்றான் சேவியர்.

பதினான்காம் நாள் கிளம்பினோம். பெண்கள் பாலத்து முனை வரை வந்தார்கள். பிலோமினா ஒரு பாயைச் சுருட்டி என் கையில் தந்தாள். "இது உங்களுக்கு. நல்லா இருக்கிற பாய்." அப்புறம் கேட்டாள், "ஆச்சி, உங்கட பேர் என்ன? இந்த முறை கேட்டு வைக்கோணும்." நான் சொன்னேன். கண்டிக்காரரிடம் பேனா வாங்கி, ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தேன்.

தோணிக்கும் பாலத்துக்கும் நடுவில் பலகையைப் போட்டுவிட்டு மிக்கேல் ஒதுங்கி நின்றார். "அக்கா, முதல்ல நீங்க ஏறுங்க," என்றார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் வலது காலை வைத்து ஏறினேன்.

கொழும்பு போய்ச் சேர்ந்தோம். சரக்கு வாங்கும் வியாபாரியின் கடைக்கு சேவியர் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு போனான். தங்கையைப் பார்க்கப் போகாமல் நானும் கூடவே போனேன். வியாபாரி திட்டினால் எனக்கும் சேர்த்துத் திட்டட்டும் என்றுதான்.

அந்தத் தெருவில் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். வெங்காயம், கிழங்கு, மிளகாய் விற்கும் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஆள் உயரத்துக்குக் கருவாட்டுச் சிப்பம். வியாபாரியின் கடை வாசலில் மட்டும் இரண்டு ஆள் உயரம். அவர் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாப்பாட்டுப் பொட்டலம்கூட அதன் மேலேயே இருந்தது.

மூட்டையை அவிழ்த்தார். ஒன்றை எடுத்தார். அழுத்தினார், தட்டினார். மூக்குக்குக் கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். சேவியர் கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றார். "போன தடவை வந்தது ஒரே ஈரம். இத யாரு காய வெச்சது?"

சேவியர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏமாற்றி விற்றதாகப் பேர் வரக் கூடாது.

"ஐயா, வாசம் ஏதாவது வருதான்னு நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றேன். சேவியர் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

வியாபாரி மறுபடி மோந்தார். கடைப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னார். அவர்கள் மோந்தார்கள்.

"வெங்காய வாசம்தான் வருது. வேற என்ன வாசம் வரணும்?" என்றார் வியாபாரி. எல்லா மூட்டையையும் கொண்டுவரச் சொன்னார்.

நான் அங்கேயே ஒரு கருவாட்டுச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. சேவியரும் உட்கார்ந்துவிட்டான். அம்மாவும் மகனும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வியாபாரி எங்களுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். நான் உள்ளங்கையை நீட்டினேன். கொழும்பில் சீனியைக் கலக்கித் தருகிறார்கள். மன்னார் மாதிரி வராது.

தங்கையையும் பார்த்துவிட்டு ஊருக்கு வந்ததும் முதலாளி சேவியரைப் பார்த்து, "தண்டல், அடுத்த சரக்கு எப்ப ஏத்துறீரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். தண்டல் என்று கூப்பிட்டார், அது போதும்.

பிலோமினா தந்த பாயை விரித்து, அதில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதினேன். நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று. தாள்களையும் எழுதி எழுதிப் பாய்க்கு அடியிலேயே வைத்தேன். கடைசித் தாளின் கீழே என் பேரை முழுசாக எழுதியிருக்கிறேன். கைநாட்டு இல்லை.

ஜெனி, சேவியர் மகளே, இங்கே வா. உன் அப்பன் தண்டலான கதை இது. முதல் தாளிலிருந்து சத்தமாக வாசி. பிழை இருந்தால் திருத்து, ஆனால் என் பேரில் கை வைக்காதே. என்னட்டி, தாளை எடுத்ததும் முகத்தை இப்படிச் சுளிக்கிறே? என்ன நாத்தம்? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. சரி, மூக்கைப் பிடித்துக்கொண்டே வாசி. நான் கேட்கிறேன்.